திருப்பிப் போட்ட டோக்கன்

அண்ணி,

போன வாரம் கருவேப்பிலங்குறிச்சியில் உங்கள் கிளி ஒன்றைப் பார்த்தேன்.

உங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்க அண்ணனும் நானும் போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு அத்தை முறை ஆகிற ஒரு அம்மாவின் வீடு. தட்டோடு பத்திரிகையை நீட்டிவிட்டு நிமிர்ந்தால், டிவிக்கு மேலே ஷோகேஸில், ஒரு பள்ளிக்கூடக் கோப்பைக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, இடதுபக்கம் சாய்ந்த தலை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுங்களா? பீங்கான் கம்பெனில ஒருத்தங்க சும்மாவே குடுத்தாங்களாம். எங்க வூட்டுக்காரரு ரெண்டு வாங்கியாந்தாரு. ஒண்ணு ஒடைஞ்சிபோச்சு. பன்னெண்டு வருசம் இருக்கும்" என்றார்கள். அண்ணன் பேச்சை மாற்றுவதற்காகத் தண்ணீர் கேட்டான்.

வருகிற மாசி வந்தால் நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். இத்தனை நாளும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றாமல் இல்லை, உட்காரத்தான் தைரியம் வரவில்லை. இப்போது உட்கார்ந்ததற்குக் கிளி பாதிக் காரணம். மீதிப் பாதி, இன்று காலை வந்த ஒரு போன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என்னைவிட ஒரு வயது இளையவர், உறவிலோ மூத்தவர். அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு நான் காட்டிய பந்தாவையெல்லாம் 'தம்பி' என்கிற ஒரே சொல்லால் அடக்கிவிட்டீர்கள். "தம்பி, சாப்ட்ட தட்ட யாரு கழுவறது?" என்று வந்த மூன்றாம் நாளே கேட்டீர்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் கழுவினேன். அப்புறம் சென்னைக்குப் போய், செல்லுக்குள் ஜீன்கள் எப்படி நகலாகின்றன என்று ஆராய்கிறவன் ஆகி, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வந்த பிறகும் ஊருக்கு வந்தால் தட்டு என் கையில்தான்.

நீங்கள் பத்தாவதோடு நின்றவர். கல்யாணத்துக்குப் பிறகு பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போய், ஐந்தே வருடத்தில் அச்சு அறையின் சாவி உங்கள் இடுப்புக்கு வந்துவிட்டது. முதல்முறை அந்த அறையை எனக்குக் காட்டியபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஒவ்வொரு பொம்மைக்கும் ஜாடிக்கும் ஒரு மாஸ்டர் மோல்டு, இரும்பு பீரோவுக்குள் பூட்டி இருக்கும். அதை யாரும் வெளியே எடுத்துப் போகக் கூடாது. அதிலிருந்து பிளாஸ்டர் அச்சுகளை வார்த்து அவற்றைத்தான் கொட்டகைக்கு அனுப்புவீர்கள். அந்த அச்சுகளில்தான் மண்கூழை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடித்துவிட, கிளியோ ஜாடியோ உள்ளே பிடித்து நிற்கும். கொஞ்ச நாளில் அச்சு முனை மழுங்கிவிடும். உடைத்துப் போட்டுவிட்டு மாஸ்டரிலிருந்து புதிது எடுப்பீர்கள்.

எந்த அச்சில் இன்று ஊற்றுவது என்பதற்கு நீங்கள் கொண்டுவந்த ஏற்பாடுதான் டோக்கன். தகரத்தில் வெட்டிய வட்டம். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெறும் தகரம். காலையில் அச்சு வரிசைக்கு மேலே ஆணியில் மாட்டுவீர்கள். சிவப்பு தெரிந்தால் ஊற்ற வேண்டும். மழை வந்துவிட்டாலோ காய வைக்க இடம் இல்லாவிட்டாலோ அப்படியே திருப்பிப் போடுவீர்கள், ஊற்றுகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். மாலையில் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவீர்கள். உங்களுக்கு முன்னால் அவரவர் கைக்கு எது சுலபமோ அதையே ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். "என்னியக் கேக்காம எவனாச்சும் டோக்கனத் தொட்டீங்க, அப்புறம் இருக்குது" என்று நீங்கள் மிரட்டியதில் கொட்டகையே நடுங்கும்.

அந்த மிரட்டல்தான் உங்களையே வந்து கடித்தது.

ஒரு நாள் பரிசோதனை என்று சொல்லிப் பாண்டிச்சேரிக்குப் போனீர்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். கட்டி எங்கே என்று நீங்கள் என்னிடம் சொல்லவில்லை, கடைசிவரைக்கும் சொன்னதில்லை. அண்ணன்தான் போனில் குரலைத் தாழ்த்தி, "மார்லடா" என்றான். கொழுந்தனும் அண்ணியும் பேசிக்கொள்கிற விஷயமா அது. அதனால்தான் உங்கள் உடம்பைப் பற்றி நாம் பேசியதெல்லாம் கம்பெனி பாஷையிலேயே நடந்தது.

போகிற அவசரத்தில் முந்தின நாள் மாட்டிய டோக்கனைக் கழற்றாமல் போயிருந்தீர்கள். கிளி அச்சின் டோக்கன். ஊற்றுகிறவர்கள் மறுநாள் வந்து பார்த்தார்கள், சிவப்பு தெரிந்தது, ஊற்றினார்கள். அதற்கு மறுநாளும் அதேதான். தொடுவதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. முதலாளியும் ஊரில் இல்லை. ஒரு வாரம் கழித்து நீங்கள் திரும்பி வந்து, தையல் பிரிக்காத உடம்போடு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தீர்கள். தட்டு முழுக்கக் கிளி. காயப்போடும் களத்தில் கிளி. ஜாடி வைக்கிற அடுக்கில், சூளை வாசலில், மண்கூழ்த் தொட்டியின் விளிம்பில் கிளி. பெண்ணாடத்து வியாபாரி கேட்டிருந்த ஊறுகாய் ஜாடி ஒன்றுகூட வார்க்கப்படவில்லை, அதற்கு மண்ணும் இல்லை, இடமும் இல்லை. "ஏன்யா, ஒருத்தனுக்குக்கூடவா தோணல?" என்று கேட்டீர்கள். ஊற்றுகிற பெரியவர், "டோக்கன் இருந்துச்சுங்க, ஊத்தினோம்" என்றார். தையல் வலிக்க வலிக்க நீங்கள் சிரித்ததை அண்ணன் பலமுறை சொல்லியிருக்கிறான்.

முதலாளி வந்து குதித்துத் தீர்த்தபிறகு, இடம் காலியானால் போதும் என்று சொல்லிவிட்டார். நீங்கள் எல்லாவற்றையும் சுட்டு, வண்ணம் அடித்து, வருகிறவர் போகிறவர் கையில் எல்லாம் திணித்தீர்கள். அதனால்தான் இன்றைக்கும் விருத்தாசலத்தைச் சுற்றி எந்த வீட்டு ஷோகேஸைப் பார்த்தாலும் எனக்கு ஒரு பயம்.

இனி என் பங்கு. இதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் நீங்களே எழுந்து வந்து தட்டைக் கையில் கொடுப்பீர்கள்.

ஆபரேஷன் முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்த வாரம் நான் ஒரு நாள் வந்து போனேன். "நல்லாத்தான இருந்தா, எதனாலடா வந்துச்சு?" என்று அப்பா கேட்டார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே, "ஜீன்ல ஒரு கோளாறுப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவ்வளவுதான். நீங்கள் உள்ளே படுத்திருந்தீர்கள், கதவு திறந்திருந்தது.

ஒன்பது மாதம் கழித்து உங்கள் மகள் பெரியவள் ஆனாள். மஞ்சள் நீராட்டுக்குச் சென்னையிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு வந்தோம். சித்தப்பா சீர் என்று என் மனைவி ஒரு தட்டு நிறைய அடுக்கியிருந்தாள். பிள்ளை பட்டுப்பாவாடையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. உடம்பு முடியாததால் என்று எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் மத்தியானம் எனக்கு ஆள் அனுப்பினீர்கள். "ஒரு மாஸ்டர வந்து பாருங்க தம்பி, உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்குமே." அச்சு அறை மேஜையில் ஒரு ஜாடி மாஸ்டரைப் பிரித்து வைத்திருந்தீர்கள். உள்பக்கம் மயிரிழை போல் ஒரு வெடிப்பு.

"இந்தக் கோடு இதுலருந்து எடுத்த அச்சு எல்லாத்துலயும் வுழுந்திருக்குது. அந்த அச்சுல ஊத்தின ஜாடி எல்லாத்துலயும் இருக்குது" என்றீர்கள்.

நான் ஆர்வமாகக் குனிந்து பார்த்தேன், முட்டாள். நீங்கள் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டீர்கள்: "அப்ப எம்பொண்ணுக்கும் இருக்குமில்ல?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதான தம்பி சொன்னீங்க. ஜீன்ல கோளாறுன்னு. இப்ப அவளுக்கும், கட்டிய வளக்குதுன்னு டாக்டரம்மா சொன்ன அந்த ஹார்மோனு வந்துடுச்சு. நானே வெடிப்பக் குடுத்துட்டு, நானே பந்தல் போட்டு எல்லாருக்கும் சோறும் போட்டுட்டேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் போடச் சொல்லியிருந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். நிறுத்தி மூன்று மாதம் ஆகிவிட்டது என்றீர்கள். "வெடிப்பு வுட்ட மாஸ்டருக்கு மாத்திரை என்னா பண்ணும்? அதப் போட்டா சூளைகிட்ட நிக்க முடியல. உள்ளுக்குள்ள இன்னொரு சூளை எரியுது."

என் வாழ்க்கையில் அப்படி நான் வெட்கப்பட்டதில்லை, அண்ணி. கருத்தரங்கில் ஒரு மணி நேரம் பேசுகிறவன், உங்களுக்கு இரண்டு சொல்லை வீசிவிட்டு ரயிலைப் பிடித்திருக்கிறேன். பதற்றத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். புரதம், ஏற்பி, நகல் எடுக்கும் நொதி. நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள். "இத்தினி சொல்றீங்க. யாருக்காகப் பயப்படறேன்னு ஒரு வார்த்த நீங்க கேக்கவே இல்லியே தம்பி."

அப்போதுதான் எதிரே ஆணியில், அன்றைக்கு வேலை இல்லாமல் தொங்கிய ஒரு டோக்கன் என் கண்ணில் பட்டது.

பிறகு நான் சொன்னது இதுதான். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓர் அச்சு அறை இருக்கிறது, எல்லா மாஸ்டரும் எல்லா அறையிலும் இருக்கின்றன. கண்ணில் இருப்பதும் ஈரலில் இருப்பதும் ஒரே பீரோதான். எதற்கு டோக்கன் மாட்டுகிறார்கள் என்பதில்தான் கண்ணும் ஈரலும் வேறாகின்றன. மாஸ்டர் வெளியே வராது. டோக்கன் தொங்கினால் அதிலிருந்து ஒரு நகல் எடுத்து வெளியே அனுப்புவார்கள், அந்த நகலை வைத்துச் சரக்கு வார்ப்பார்கள். நகல் சீக்கிரமே மழுங்கிப்போகும். உங்கள் கட்டியில், 'வளர், பிரி' என்று சொல்கிற ஜீன்களுக்கு டோக்கன் மாட்டுவது அந்த ஹார்மோன். அது செல்லுக்குள் வந்து ஒரு புரதத்தின் மேல் உட்கார்ந்தால் அந்தப் புரதமே போய்ச் சிவப்பு டோக்கனாகத் தொங்கும். தொங்குவது தப்பில்லை. எல்லாப் பெண்களுக்கும் தொங்கும், வேலை முடிந்தால் கழன்றுவிடும். உங்கள் கட்டியில் அது கழலவில்லை.

நீங்கள் மெதுவாக, "கிளி" என்றீர்கள்.

ஆமாம், கிளி. அந்த வாரம் வார்த்த ஒரு கிளியிலாவது பழுது இருந்ததா? ஒன்றிலும் இல்லை.

"அப்ப வெடிப்பே கெடயாதுங்கறீங்களா?" விடமாட்டீர்களே. இருக்கிறது என்றேன். டோக்கன் கழலாமல் போனதற்குக் காரணமாக அந்தக் கட்டியின் அறையில் எங்கோ கீறல் விழுந்திருக்கும். ஆனால் பெரும்பாலும் அது அந்த அறையில் மட்டும் பிற்பாடு விழுவது, மகளுக்குக் கொடுத்த பீரோவில் இருக்காது. சில குடும்பங்களில் மாஸ்டரிலேயே வெடிப்பு வருவதும் உண்டு, அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றேன். பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த முடியாது என்று எனக்குத் தெரியும்.

"மாத்திரை என்னா பண்ணுது, கழட்டுதா?"

இல்லை. ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. டோக்கன் அங்கேயேதான் தொங்கும், ஆனால் முகம் மாறிவிடும். நகல் எடுக்கிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நீங்கள் எழுந்து போய் ஆணியில் இருந்த டோக்கனைத் திருப்பிப் போட்டீர்கள். விரலால் ஒரு சுண்டு சுண்டினீர்கள். அது ஆடி ஆடிச் சிவப்பைக் காட்டியது. மறுபடி திருப்பினீர்கள். "கழட்டறதா இருந்தா ஒருவாட்டி போதும். திருப்பிப் போடறதுன்னா காத்துக்குத் திரும்பிக்கும். அதான் தெனம் போடச் சொல்றாங்களா?"

அண்ணி, அந்த மருந்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. அதை ஏன் தினமும் விழுங்க வேண்டும் என்று ஒரு நோயாளிக்குப் புரியும்படி ஒரே வரியில் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அந்த அறையில் யார் விஞ்ஞானி என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

டாக்டரம்மாவிடம் போய் நின்று, நிறுத்தியதை மறைக்காமல் சொன்னீர்கள். திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பரம்பரையாக வருகிற அந்த வெடிப்பு உங்களிடம் இல்லை. அன்றைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்கள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனீர்கள், வரும்போது ஒன்பது மாதத்துப் பாக்கிச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள் என்று அண்ணன் சொன்னான்.

அதிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கும். "தம்பி, திருப்பிப் போட்டாச்சு." அவ்வளவுதான், வைத்துவிடுவீர்கள். பல வருடம். என் மனைவி அதைக் கேட்டுத்தான் அடுப்பில் பால் வைப்பாள். அண்ணன் கொஞ்ச நாள் ஏதோ தோசை சமாசாரம் என்று நினைத்திருந்தான். வேர்த்து ஊற்றும், எலும்பு வலிக்கும், சூளைப் பக்கம் ஈரத்துண்டோடு நிற்பீர்கள். அதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வியாதி திரும்பி வந்தபோது நான் நேரில் வந்தேன். உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் முழுக்க ஒத்திகை பார்த்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் செவப்பா ஆயிடுச்சா தம்பி?" என்றீர்கள். ஆமாம். ஹார்மோனே வராமல் அந்தப் புரதம் தானாகவே சிவப்பாகத் தொங்கக் கற்றுக்கொண்டிருந்தது. இனித் திருப்பிப் போட்டுப் பயனில்லை. டோக்கனையே உருக்கிவிடுகிற மாதிரி ஓர் ஊசி இருக்கிறது என்றேன். "அப்ப உருக்குவோம்" என்றீர்கள். அந்த ஊசி இன்னும் கொஞ்ச காலம் வாங்கிக் கொடுத்தது. அதற்குள் மகளை நர்சிங் முடிக்க வைத்துவிட்டீர்கள்.

அந்த மூன்று மாதம்தான் காரணமா? டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். உங்களிடமும் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அத வுடுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினீர்கள். என்னால் இன்னும் விட முடியவில்லை.

கட்டியில் எடுத்த துணுக்கை ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது கையெழுத்துப் போட்டீர்கள். "உங்க லேபுக்கு வருமா?" என்று என்னைக் கேட்டீர்கள். வரலாம், பேர் இருக்காது, எண் மட்டும்தான் என்றேன். "நல்லதாப் போச்சு. பேரு தெரிஞ்சா கை நடுங்கி ஒடைச்சிடுவீங்க." இப்போது எந்தக் கண்ணாடித் தகட்டை எடுத்தாலும் இரண்டு கையாலும் எடுக்கிறேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

கருவேப்பிலங்குறிச்சிக் கதைக்குத் திரும்பி வருகிறேன். அண்ணன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அந்த அம்மா என்னை மட்டும் நிறுத்தி, "கேக்கறன்னு தப்பா நெனைக்காதீங்க. பொண்ணோட அம்மாவுக்கு அந்த வியாதியாமே. புள்ளைக்கு வருமா?" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பத்திரிகை வைத்த தட்டையே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளையாக அவர்கள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. கண் உள்ளறைப் பக்கம் போய் வந்தது. அங்கே பிரசவத்துக்கு வந்திருந்த அவர்கள் மகள் நிறைமாதத்தோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்காகப் பயப்படறீங்க?" என்று கேட்டேன்.

அவர்கள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். போன வருடம் அவர்களுக்கே அந்த ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மகளின் மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் அவளுக்குக் குறை என்று வெளியே யாருக்கும் சொல்லவில்லை. தினமும் போடச் சொன்ன மாத்திரையை, என்ன ஆகப்போகிறது என்று விட்டு இரண்டு மாதம் ஆகிறது. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அதே மாத்திரை.

அண்ணனை உள்ளே வரச் சொல்லி, ஷோகேஸைத் திறந்து கிளியை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒரு வாரம் முழுக்க இதையே ஊற்றிய கதையை முதலிலிருந்து சொன்னேன். பாதியில் அண்ணன் பிடுங்கிக்கொண்டு, ஊற்றுகிற பெரியவர் சொன்னதை அவர் குரலிலேயே சொன்னான். அந்த அம்மா சிரித்தார்கள், அழுதார்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். முதல் வேலையாக உங்கள் டாக்டரிடம் போய் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மகளைப் பற்றிய பயத்தையும் அங்கேயே கேளுங்கள் என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது அண்ணன், "டேய், அப்ப அது தோசை இல்லையா?" என்றான். தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

இன்று காலை ஏழு மணிக்குப் போன் அடித்தது. ஏறக்குறைய ஒரு வருடமாக அந்த நேரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. என் மனைவி கையில் பால் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். தெரியாத நம்பர்.

"சார், டாக்டரப் பாத்துட்டு வந்துட்டேன். திருப்பிப் போட்டாச்சுங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். அவள் பாலை அடுப்பில் வைத்தாள்.